கிணற்று மட்டம்

ஏப்ரல் 27, ஞாயிறு

வெண்டையில் இரண்டாம் பாத்தி முழுக்க இலை நரம்பு மஞ்சளாகிவிட்டது. வெள்ளை ஈயின் வேலை. நானும் தோட்ட வேலைக்கு வரும் மயிலாத்தாக்காவும் நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி எரித்தோம். கத்தரி பரவாயில்லை. தக்காளி பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. வெயில் தாங்காமல் பூ காம்போடு உதிர்கிறது. பீர்க்கும் புடலையும் பந்தலில் தங்களுக்குத் தாங்களே நிழல் கட்டிக்கொண்டு தப்பித்துவிட்டன.

இந்த மாதம் பைகள் இளைத்துத்தான் வரும் என்று பங்குக் குடும்பங்களின் குழுவில் எழுதிப் போட்டேன். கோயம்புத்தூரில் ஐம்பத்தெட்டுக் குடும்பங்கள். தை மாதமே பங்கு எடுத்துவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் தோட்டத்தில் எது வந்ததோ அது அவர்கள் வீட்டுக்குப் போகும். "வெளைஞ்சாலும் பங்கு, காஞ்சாலும் பங்கு" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் திருமூர்த்தி முதலில் ஆள் சேர்த்தார்.

அவர் இப்போது ஊரில் இல்லை. மகாராஷ்டிராவில் ஓர் இயற்கைப் பண்ணையில் இருக்கிறார்.

மே 2, வெள்ளி

அறுவடை. கொத்தவரை, கத்தரி, பீர்க்கு, முருங்கைக்காய், தண்டுக்கீரை. மயில்கள் வெள்ளரியைக் கொத்திவிட்டன.

சாயங்காலம் பைகளை ஏற்ற என் கொழுந்தன் சிவகுரு மினி வண்டியோடு வந்தான். பக்கத்திலேயே அவனுக்குத் தென்னந்தோப்பு. வருகிற வழியில் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறான். மோட்டார் காற்று வாங்குகிறது, தண்ணீர் நிறைய இறங்கிவிட்டது, நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டான். போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்திக்கொள்வதால் அந்தப் பக்கம் போகிற வேலை இல்லை என்றேன்.

அண்ணன் பேசினாரா என்றும் கேட்டான். போன வாரம் பேசினார் என்று சொன்னேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. தக்காளிப் பாத்திக்கு மேல் நிழல்வலை கட்டினோம். மண் காயாமல் மூடாக்குப் போடத் தென்னை மட்டை போதவில்லை.

தண்ணீர்க் கேன் வண்டி வந்தது. வழக்கம்போல் மூன்று கேன் இறக்கச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 9, வெள்ளி

சுரைக்காய் ஒன்றுகூடத் தேறவில்லை. பிஞ்சிலேயே நுனி கருகுகிறது.

மே 11, ஞாயிறு

மாதம் ஒரு ஞாயிறு பங்குக்காரர்கள் தோட்டம் பார்க்க வருவார்கள். இன்று ஆறு குடும்பங்கள். வங்கியில் வேலை பார்க்கும் அனுராதா தன் மகளோடு வந்திருந்தாள். இந்தக் கொத்தவரையைச் சாப்பிட்ட பிறகு கடையில் வாங்குவது வாயில் வைக்க முடியவில்லை என்றாள். "உங்க தண்ணிதாங்க ருசி" என்றாள்.

எல்லாரும் பந்தலுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை கத்தரிப் பாத்தி ஓரத்தில் கிடந்த ரப்பர் குழாயை எடுத்து வாய் வைத்துக் குடிக்கப் போனது. நான் ஓடிப்போய்க் குழாயைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போல. குழந்தை அழுதது. மருந்து கலந்த தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். இங்கே மருந்தே அடிப்பதில்லை என்பது அனுராதாவுக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பாத்திக்குப் பாயலாம், காய்க்குள் ஏறலாம், அந்தக் குழந்தையின் தட்டுக்குப் போகலாம், வாய்க்கு நேராக மட்டும் போகக்கூடாது. இதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

மே 13, செவ்வாய்

சிவகுரு கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். படிக்கட்டு முடிகிற இடம் வெளியே தெரிகிறதாம். தென்புறப் பாறையில் பொடவு தெரிகிறதா என்று கேட்டேன். நான் பாட்டுக்குக் கீரையைக் கட்டிக்கொண்டேதான் கேட்டேன். இன்னும் இல்லை, ஏன் என்றான். சும்மா என்றேன்.

பொடவு என்பது கிணற்றுக்குள் பாறையைக் குடைந்தது மாதிரி இருக்கும் பெரிய பொந்து. எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்துத் தோட்டத்து ஆடு ஒன்று கிணற்றில் விழுந்தது. மூன்றாம் நாள் மிதக்கும் என்று காத்திருந்தார்கள். மிதக்கவேயில்லை. பொடவுக்குள் இழுத்துக்கொண்டது, அதற்குள் போனது வெளியே வராது என்று திருமூர்த்திதான் சொன்னார்.

மே 16, வெள்ளி

பை ஒன்றுக்கு மூன்று வகைதான் வைக்க முடிந்தது. அதிலும் பாதி முருங்கைக்காய்.

டேங்கர் தண்ணீர் சொல்லியிருக்கிறேன்.

மே 17, சனி

சிவகுருவுக்குக் கோபம். சொந்தக் கிணற்றில் ஆள் உயரத்துக்குச் சேறு கிடக்கும்போது லாரித் தண்ணீர் ஊற்றி வெள்ளாமை பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றான். கிணற்றை இறைத்துத் தூர் வாரினால் ஊற்றுக்கண் திறக்கும், ரங்கனைக் கூட்டி வருகிறேன் என்றான். ரங்கன் கிணற்று வேலைக்காரர். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் இறங்காத கிணறு இல்லை. ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஆவணியில தண்ணி இருக்குமுங்க, அண்ணி. அப்பறம் எப்பிடித் தூர் வார்றது? அண்ணங்கிட்ட நான் பேசறேன், அந்தப் பண்ணை நம்பர் குடுங்க."

அவருக்கு அங்கே சிக்னல் கிடைக்காது என்றேன். சிவகுரு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மே 20, செவ்வாய்

கத்தரி துவண்டுவிட்டது. டேங்கர் தண்ணீர் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. சிவப்புச் சிலந்தி இலைக்கு அடியில் வலை பின்னியிருக்கிறது.

மதியம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மயிலாத்தாக்கா தன் தூக்குவாளிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்து வைத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அவர் எங்களோடு வேலைக்கு வந்து ஒன்பது வருடம். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு குடிக்கமாட்டார். கேன் தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்றம் என்பார். எப்போதிருந்து பாட்டில் கொண்டு வருகிறார் என்று யோசித்துப் பார்த்தேன். போன வைகாசியிலிருந்து.

கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன்.

மே 22, வியாழன்

குழுவில் அனுராதா எழுதியிருந்தாள்: தோட்டம் காய்வதைப் பார்த்துக்கொண்டு காய் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பது பங்கு ஆகாது, ஜூன் முதல் ஞாயிறு நாம் எல்லாரும் போய் அந்தக் கிணற்றைத் தூர் வாரலாம், வயதானவர்கள் சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும். மதியத்துக்குள் முப்பது பேர் வருகிறேன் என்று எழுதிவிட்டார்கள். சிவகுரு கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறான். அவன்தான் அவளிடம் பேசியிருக்க வேண்டும்.

முப்பது பேர். குழந்தைகளோடு வருவார்கள்.

மே 23, வெள்ளி

அறுவடை நடந்தது. எழுத ஒன்றும் இல்லை.

மே 25, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

போன வருடம் வைகாசியில் தக்காளி மொத்தமும் வெந்துபோனது. பாதிக் குடும்பங்கள் பங்கைத் தொடரவில்லை. திருமூர்த்தி யாரையும் குறை சொல்லவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சாயங்காலமானால் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் இல்லாட்டித்தான் நீ இத நல்லாப் பாத்துக்குவே, கோமளா" என்றார். என்ன பேச்சு இது என்று கடிந்துகொண்டேன். சிரித்தார்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, விடிந்து எழுந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. அவர் போன் அலமாரியில் இருந்தது. கிணற்றின் முதல் படியில் அவருடைய செருப்பு இருந்தது, ஜோடியாக, தண்ணீரைப் பார்த்து.

நான் கத்தவில்லை. செருப்பை எடுத்து மோட்டார் ரூமுக்குள் வைத்துப் பூட்டினேன். அதை ஏன் முதலில் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் மேலே வரவில்லை. அதற்குள் ஊரில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மகாராஷ்டிரா போயிருக்கிறார் என்றேன். ஒரு தடவை சொன்னதற்குப் பிறகு இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

சொன்னால் கிணற்றை இறைப்பார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரில் விளைந்ததை யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். இது பாதிதான். யாரும் இறைக்காத வரைக்கும் அவர் மகாராஷ்டிராவில் இருக்கலாம். அது மறு பாதி.

மே 26, திங்கள்

மயிலாத்தாக்காவிடம், புதன்கிழமை ரங்கனை வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். பங்குக்காரர்கள் வருவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அவர் களை கொத்துவதை நிறுத்திவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் அந்தச் செருப்பப் பாத்தனுங்க, அம்மிணி. நீங்க வாரதுக்கு முன்னாலயே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லலீங்களே."

ஒரு வருடம். ஒரே பாத்தியில் எதிரெதிராகக் குனிந்து காய் பறித்திருக்கிறோம்.

மே 28, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் சிவகுரு டீசல் இன்ஜின் கொண்டுவந்து போட்டான். சேறும் தண்ணீருமாகப் பத்து மணி வரை இறைத்தது. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். இன்ஜின் சத்தம் மாறியதும் எழுந்து போனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த மேட்டில் கால் வைக்கிறேன். கீழே கரும்பச்சையாக ஒரு குட்டை. தென்புறத்தில் பொடவு வாய் திறந்து கிடந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. ஆனாலும் ஒரு ஆள் படுக்கலாம்.

ரங்கன் முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினார். விளக்கு அணையவில்லை; உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேற்றில் முழங்கால் புதைய நின்று, பொடவுக்குள் இருந்து ஆரம்பிக்கிறேன் என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார்.

அவரை அப்படியே உள்ளே விட என்னால் முடியவில்லை. பிள்ளைகுட்டிக்காரர். தெரியாமல் கையை வைப்பார்.

"ரங்கா, பார்த்துப் போங்க" என்றேன். "உள்ளே அவர் இருப்பார்."

எல்லாருக்கும் கேட்டது. ரங்கன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. சிவகுரு கயிற்றைப் பிடித்தபடி நின்றான். அவன் கை தளர்ந்ததையும் மயிலாத்தாக்கா ஓடிவந்து கயிற்றில் கை கொடுத்ததையும் பார்த்தேன். ரங்கன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

ரங்கன் உள்ளே இருந்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது. மட்டையால் சேற்றைத் தள்ளுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெளியே வந்தபோது கையில் எலும்பு இருந்தது. ரங்கன் அதைத் தூக்கிக் காட்டினார். கொம்போடு சேர்ந்த ஆட்டு மண்டை.

"ஆடு மட்டுந்தானுங்க. கடைசி வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். ஆளு யாருமில்லீங்க."

மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் கூடை கூடையாகச் சேறு மேலே வந்தது. ஒவ்வொரு கூடையையும் நானே கொட்டிக் கையால் பிசைந்து பார்த்தேன். பழைய வாளி, செம்பு, இரும்புப் பட்டை, கொட்டாங்குச்சி. அடிப்பாறை தெரிகிற வரைக்கும் வாரிவிட்டார்கள். பாறை இடுக்கில் மெல்லியதாக ஊற்று கசிந்தது.

அவர் இல்லை.

மயிலாத்தாக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், சாமி காப்பாத்திருச்சு, உசிரோடதான் இருக்காருங்க என்று. நானும் அழ வேண்டும். வரவில்லை. உயிரோடு இருக்கிறவர் ஒரு வருடத்தில் எத்தனை போன் செய்திருக்கலாம் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

சிவகுரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன்.

"பொங்கலுக்கு அண்ணங்கிட்டருந்து மெசேஜ் வந்துதே" என்றான்.

"அவர் போன்லருந்து நான்தான் அனுப்பினேன்."

தலையை ஆட்டினான். முன்னாலேயே தெரிந்த மாதிரி.

"செத்துப் போயிருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்கோணுமுங்க, அண்ணி. என்ற அண்ணனுங்க அது."

மே 29, வியாழன்

செருப்பைத் தண்ணீரைப் பார்த்து வைத்துவிட்டுப் போனது நான் தேடக்கூடாது என்பதற்காகவா? இல்லை, இறங்கத்தான் வந்து, ஒரு படி இறங்கி, பயந்து, வெறுங்காலோடு திரும்பி நடந்தாரா? 'நான் இல்லாட்டித்தான் நீ நல்லாப் பாத்துக்குவே.' இதைச் சாகப் போகிறவன் பேச்சு என்றே ஒரு வருடம் நினைத்திருந்தேன். வீட்டை விட்டுப் போகிறவனும் இதையேதான் சொல்வான்.

காலையில் கிணற்றுக்குள் இறங்கினேன். பொடவுக்குள் தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை மாதமும் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் போடுவேன். மழை பெய்து கிணறு நிறைந்த அன்று, இனி அவருக்கு வெயில் தெரியாது என்றுகூட நினைத்திருக்கிறேன். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எனக்குக் கணவன் செத்தது நேற்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.

ஊற்றுத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மோட்டார் போட்டுக் கத்தரிக்கு விட்டேன்.

மே 30, வெள்ளி

அறுவடை. கொத்தவரை, முருங்கைக்காய், கொஞ்சம் பீர்க்கு.

மத்தியானம் சிவகுருவும் நானும் ஸ்டேஷனுக்குப் போய்க் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எழுதி வாங்கிய பெண் போலீஸ் தேதியைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு வருஷம் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க என்று கேட்டார்.

"காய் பறிச்சுட்டு இருந்தேங்க" என்றேன்.



ஜூன் 1, ஞாயிறு

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். தூர் வாரி முடிந்தது என்று சொல்லியும், வெளியே கிடக்கும் வண்டலையாவது பாத்திக்கு அள்ளிப் போடுகிறோம் என்று வந்துவிட்டார்கள். கிணற்று மேட்டில் அவர்களை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பிலிருந்து ஆட்டு எலும்பு வரைக்கும். உங்களை ஒரு வருடம் எதைச் சாப்பிட வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட வைத்தேனோ, அதையும் சொன்னேன்.

ஒரு பெரியவர் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். இன்னும் சிலர் போனார்கள். அது அவர்கள் உரிமை.

அனுராதா மட்டும் கிட்டே வந்தாள். "அன்னைக்கு என் பொண்ணு கையிலருந்து தட்டி விட்டது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டல் குவியலில் கூடையை வைத்தாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் மண் சுமந்தாள்.

ஜூன் 6, வெள்ளி

மேற்கே மலையில் மேகம் கட்டுகிறது. கத்தரி நிமிர்ந்துவிட்டது. தக்காளியில் பிஞ்சு நிற்கத் தொடங்கியிருக்கிறது. நாற்பத்தொரு குடும்பங்கள் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 14, சனி

சிவகுரு, அண்ணன் படத்தை எடுத்துக்கொண்டு பழனி, மதுரை என்று தேடப் போயிருக்கிறான். அதனால் பைகளை நானே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். வண்டி ஓட்ட மயிலாத்தாக்காவின் மருமகன் வந்தார்.

சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றது. எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இடது தோள் சற்றுத் தாழ்ந்து, கழுத்தில் துண்டு. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். தோளைத் தொட்டேன். திரும்பினார். வேறு யாரோ. என்னங்கம்மா, யாரு வேணும் என்று தன்மையாகக் கேட்டார். 

வண்டிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்புறம் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடந்துபோன ஒருவர், பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிய ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர். எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் பையை இறக்கினேன்.

போன வருடமெல்லாம் ஒரு கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. இனி எந்தப் பக்கம் போகாமல் இருப்பது?